ஃப்ரீமாண்ட் அரசுத் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்கு வேலை மாறி வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும்போதே கேட்கும் கேள்வி, "எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்?" என்பதுதான். ஃப்ரீமாண்ட் நகரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஃப்ரீமாண்ட் யூனிஃபைட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளை முன்வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். டப்ளின், கூப்பர்டினோ, சான் ரமோன் பக்கம் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். தேர்வும் சட்டமும் கலிஃபோர்னியா முழுக்க ஒன்றுதான். எந்த முகவரி எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைகளும் இடம் ஒதுக்கும் விதிகளும்தான் டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும்.

எல்லாம் ஒரே டிஸ்ட்ரிக்ட்தானே? பள்ளிக்குப் பள்ளி அப்படி என்ன வித்தியாசம் இருக்கும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. பாடத்திட்டமும் பாடநூல்களும் டிஸ்ட்ரிக்ட் முழுக்கப் பொது. ஆசிரியர் சம்பள அட்டவணையும் ஒன்றுதான். மதிப்பெண் அதிகம் வாங்கும் பள்ளியில் வேலை செய்பவருக்குக் கூடுதல் சம்பளம் கிடையாது. விடுமுறைப் பட்டியல், கட்டடப் பராமரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கல்விக் குழு.

வித்தியாசம் வருவது வேறு இடங்களில். பிரின்சிபால் யார், எத்தனை வருடமாக இருக்கிறார்? ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்களா, வருடா வருடம் மாறுகிறார்களா? வகுப்பு நிரம்பி வழிகிறதா? பிடிஏ எனும் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்திடம் பணமும் ஆளும் எவ்வளவு? சிறப்புக் கல்வி வகுப்புகள் அந்த வளாகத்தில் உண்டா? பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் வீட்டுச் சூழல் என்ன? இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் இணையத்தில் தெரியும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆனால் அதைப் பள்ளி உண்டாக்கவில்லை.

கிரேட்ஸ்கூல்ஸில் ஒரு பள்ளிக்கு 9, இன்னொன்றுக்கு 6 என்று போட்டிருக்கிறது. இந்த எண் எங்கிருந்து வருகிறது?

கிரேட்ஸ்கூல்ஸ் 1998இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத ஒரு நிறுவனம். அரசு அமைப்பு அல்ல. வீடு தேடும் ஜில்லோ, ரெட்ஃபின் தளங்களில் தெரியும் பள்ளி எண் இவர்களுடையதுதான். மாநிலத் தேர்வு முடிவுகளை எடுத்து, மாநிலத்தின் மற்ற பள்ளிகளோடு வரிசைப்படுத்தி, 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுப்பதே அடிப்படை. தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்தால் வசதியான பகுதிகளுக்கே உயர்ந்த எண் கிடைக்கிறது என்ற விமரிசனம் நீண்ட காலமாக இருந்தது. அதனால் 2017இலும் 2020இலும் கணக்கை மாற்றி, பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கும் பின்தங்கிய பிரிவினர் எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கும் இடம் கொடுத்தார்கள்.

எனவே அந்த ஒற்றை எண்ணோடு நிற்காதீர்கள். அதைத் தட்டினால் உள்ளே தேர்வு மதிப்பெண், முன்னேற்றம், சமவாய்ப்பு என்று தனித்தனி எண்கள் வரும். 6 வாங்கிய பள்ளிக்கு முன்னேற்றத்தில் 8 இருக்கலாம். நான் பார்ப்பது அந்த முன்னேற்ற எண்ணைத்தான்.

நிச் என்ற தளம் ஏ பிளஸ், ஏ என்று கிரேடு போடுகிறது. அதில் பெற்றோர் விமரிசனங்களும் கலந்திருக்கும். ஐந்தாறு பேர் எழுதியதை வைத்து அறுநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியை எடைபோட வேண்டாம்.

அப்படியென்றால் தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாமா?

பாருங்கள். எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் 2015 முதல் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்வு நடக்கிறது. மூன்றாம் வகுப்பில்தான் தொடங்கும்; ஆங்கிலம், கணிதம். ஐந்தாம் வகுப்பில் அறிவியலும் சேரும். ஆக, ஒரு தொடக்கப் பள்ளியின் மதிப்பெண் என்பது மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண். உங்கள் பிள்ளை சேரப்போகும் கிண்டர்கார்டனைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

முடிவுகள் நான்கு நிலைகளாக வரும். மேல் இரண்டு நிலைகளில் உள்ளவர்கள் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள். 2024இல் மாநிலம் முழுக்க ஆங்கிலத்தில் சுமார் 47 விழுக்காடு, கணிதத்தில் சுமார் 35 விழுக்காடு பிள்ளைகள்தான் அந்தத் தரத்தை எட்டினார்கள். ஃப்ரீமாண்ட்டில் "சுமார்" என்று நம்மவர்கள் ஒதுக்கும் பள்ளி ஒன்றின் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்வை கொஞ்சம் மாறும்.

அடுத்தது, மொத்த விழுக்காடு எப்படி ஏமாற்றும் என்பது. ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு பள்ளிகள், தேர்வு எழுதியவர்கள் நூறு நூறு பேர். முதல் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் 90 பேர், அதில் 75 பேர் தேர்ச்சி. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 10 பேர், அதில் 4 பேர் தேர்ச்சி. மொத்தம் 79. இரண்டாவது பள்ளியில் வசதியானவர்கள் 40 பேர், அதில் 34 தேர்ச்சி. வருமானம் குறைந்தவர்கள் 60 பேர், அதில் 27 தேர்ச்சி. மொத்தம் 61. இணையத்தில் 79க்கும் 61க்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமாகத் தெரியும். பிரித்துப் பாருங்கள்: வசதியான பிள்ளைகளில் முதல் பள்ளி 83 விழுக்காடு, இரண்டாவது 85. வருமானம் குறைந்தவர்களில் முதல் பள்ளி 40, இரண்டாவது 45. இரண்டு பிரிவிலும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தது 61 வாங்கிய பள்ளி.

நிஜத்தில் எல்லா ஒப்பீடும் இப்படித் தலைகீழாகாது. ஆனால் இடைவெளி பெரும்பாலும் சுருங்கும். அதனால் மாநிலக் கல்வித் துறையின் முடிவுகள் பக்கத்துக்குப் போய், பள்ளியைத் தேர்ந்தெடுத்து, பிரிவுவாரியாகப் பாருங்கள். பெற்றோரின் படிப்பு, வருமானம், இனம், ஆங்கிலம் கற்பவர் என்று பிரித்துக் காட்டும் வசதி அங்கேயே இருக்கிறது. உங்கள் வீட்டை ஒத்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

இன்னொன்று: வகுப்புக்கு அறுபது பேர் உள்ள பள்ளியில் ஐந்து பிள்ளைகள் கோட்டுக்கு மேலே போனாலோ கீழே வந்தாலோ அந்த வகுப்பின் எண் சுமார் 8 விழுக்காடு மாறிவிடும். ஒரே வருட முடிவை வைத்து "ஸ்கூல் இறங்கிப்போச்சு" என்று சொல்வது பிழை. குறைந்தது மூன்று வருட முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதை எங்கே பார்ப்பது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எஜுகேஷனல் ஆப்பர்ச்சுனிட்டி பிராஜெக்ட் தளத்தில். சமூகவியல் பேராசிரியர் ஷான் ரியர்டன் குழு 2019இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அமெரிக்கா முழுக்க 3 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி எண்கள் தருகிறார்கள். அவற்றில் நாம் பார்க்க வேண்டியவை இரண்டு: சராசரி மதிப்பெண், வருடத்துக்கு வருடம் பிள்ளைகள் கற்கும் வேகம். சராசரி மதிப்பெண் அந்தப் பகுதியின் வசதியோடு இறுகப் பிணைந்திருக்கிறது, கற்கும் வேகம் அப்படிப் பிணைந்தில்லை என்பது அவர்கள் கண்டது. பள்ளியின் உழைப்பு தெரிவது இரண்டாவது எண்ணில். தரவு சில ஆண்டுகள் பழையதாக இருக்கும். பரவாயில்லை, பார்த்துவிட்டு மற்றதோடு சேர்த்து எடைபோடுங்கள்.

கலிஃபோர்னியா ஸ்கூல் டாஷ்போர்டு என்று வண்ண வண்ணமாக வருகிறதே, அது என்ன?

மாநில அரசின் அதிகாரபூர்வ மதிப்பீடு. முன்பு ஏபிஐ என்ற ஒற்றை எண் இருந்தது. 200 முதல் 1000 வரை, 800 வாங்கினால் இலக்கை எட்டியதாகப் பொருள். 1999இல் வந்த அந்த முறையை 2013க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். ஃப்ரீமாண்ட்டின் மிஷன் சான் ஹோசே பகுதிப் பள்ளிகள் 900க்கு வெகு மேலே எண் வாங்கிப் பெயர் பெற்றது அந்தக் காலத்தில்தான். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

2017இல் வந்த டாஷ்போர்டு ஒற்றை எண் தராது. ஆங்கிலம், கணிதம், தொடர் விடுப்பு, இடைநீக்கம், ஆங்கிலம் கற்பவர்களின் முன்னேற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் சிவப்பில் தொடங்கி நீலம் வரை ஐந்து நிறங்களில் ஒன்று. நிறம் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறது: இந்த வருடம் எங்கே நிற்கிறது, போன வருடத்தைவிட ஏறியதா இறங்கியதா. எனவே மிக உயரத்தில் இருக்கும் பள்ளி சற்றுச் சறுக்கினால் நீலம் பச்சையாகிவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நிறத்தைத் தட்டினால் தரத்துக்கு எத்தனை புள்ளி மேலே, எத்தனை புள்ளி கீழே என்ற எண் வரும். பள்ளிகளை ஒப்பிட அந்த எண்தான் உதவும்.

தொடக்கப் பள்ளிக்குத் தொடர் விடுப்பு நிறத்தைக் கட்டாயம் பாருங்கள். வருட நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பது அது. 180 நாள் பள்ளியில் 18 நாள். பாதி வகுப்பு அடிக்கடி காணாமல் போனால் ஆசிரியர் அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்த வேண்டியிருக்கும்.

டிசம்பரில் நாலு வாரம் ஊருக்குப் போனால் இந்தக் கணக்கில் வருமா?

வரும். பள்ளி விடுமுறை போக மீதி நாட்கள் விடுப்பாகப் பதிவாகும். கலிஃபோர்னியாவில் பள்ளிகளுக்கு மாநிலப் பணம் சராசரி தினசரி வருகையை வைத்து வருகிறது; பிள்ளை வராத நாளுக்குப் பள்ளியும் இழக்கிறது. டிக்கெட் போட்டதும் பள்ளி அலுவலகத்தில் இண்டிபெண்டென்ட் ஸ்டடி ஒப்பந்தம் கேளுங்கள். ஆசிரியர் தரும் வேலையை ஊரில் செய்து, திரும்பி வந்ததும் ஒப்படைத்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்காகும். கிளம்பும் முன்பே கையெழுத்திட்டுவிடுவது நல்லது, எத்தனை நாள் என்பதற்கு வரம்பும் உண்டு. தாத்தா பாட்டியைப் பார்க்காமல் பிள்ளை வளர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் கிளம்பிப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு பள்ளியின் எல்லைக்குள் வீடு எடுத்துவிட்டால் இடம் உறுதிதானே?

ஃப்ரீமாண்ட்டில் இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்: டிஸ்ட்ரிக்டில் இடம் உறுதி, அந்தக் குறிப்பிட்ட பள்ளியில் உறுதி இல்லை. உங்கள் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டால், இடமுள்ள இன்னொரு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஊர்ப் பெற்றோர் இதை ஓவர்லோடு ஆவது என்பார்கள். அண்ணன் ஒரு பள்ளி, தங்கை ஒரு பள்ளி என்று காலையில் இரண்டு பக்கமும் காரில் ஓடும் குடும்பங்கள் உண்டு.

அதனால் செய்ய வேண்டியவை: கிண்டர்கார்டன் என்றால் புது வருடம் பிறந்ததுமே பதிவு தேதிகளைப் பார்த்து வைத்து, திறந்தவுடன் எல்லாக் காகிதங்களோடும் பதிவு செய்யுங்கள். வருட நடுவிலோ கோடையிலோ வருபவர்கள், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தைக் கூப்பிட்டு, "இந்த முகவரிக்கு, இந்த வகுப்பில் இப்போது இடம் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்" என்று நேராகக் கேளுங்கள். வேறு பள்ளிக்கு அனுப்பினால் சொந்தப் பள்ளியில் இடம் வரும்போது திரும்பும் முறை என்ன, அதற்குக் கடைசித் தேதி எது என்பதையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.

ஜில்லோ காட்டும் பள்ளியை நம்பி வீடு எடுக்காதீர்கள். டிஸ்ட்ரிக்டின் சொந்த ஸ்கூல் லொகேட்டரில் கதவு எண்ணோடு போட்டுப் பாருங்கள். தெருவின் ஒரு பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்பது இங்கே சாதாரணம்.

எல்லைகள் மாறுமா?

மாறும், மாறியிருக்கின்றன. ஃப்ரீமாண்ட்டே சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஐந்து சிற்றூர்கள் 1956இல் ஒன்றாகிப் பிறந்த நகரம். பள்ளி எல்லைகளில் அந்தப் பழைய ஊர்ப் பற்று இன்னும் தெரியும். 2000ஆம் ஆண்டு வாக்கில் வைபெல் தொடக்கப் பள்ளிப் பகுதியை மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளியிலிருந்து இர்விங்டனுக்கு மாற்றியபோது, பெற்றோர் கொதித்துப் போய்த் தனி டிஸ்ட்ரிக்ட் கேட்கும் அளவுக்குப் போனார்கள். பிறகு வார்ம் ஸ்பிரிங்ஸ் பக்கம் புதுக் குடியிருப்புகள் எழும்ப, லைலா பிரிங்ஹர்ஸ்ட் என்ற புதுத் தொடக்கப் பள்ளி வந்தது. முன்பு ஆறாம் வகுப்பு வரை தொடக்கப் பள்ளியில் இருந்தது. இப்போது ஆறு முதல் எட்டு வரை நடுநிலைப் பள்ளி.

கிண்டர்கார்டனில் சேர்க்கும்போதே பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்குப் போட்டு, அதற்காகவே அதிக விலை கொடுத்து வீடு வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது: அந்தக் கோடு பதின்மூன்று வருடம் அசையாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நிறைய வாடகை கொடுத்து மிஷன் சான் ஹோசே பக்கம் போகலாமா, ஆர்டன்வுட் பக்கமே இருக்கலாமா?

எந்தப் பள்ளி எங்கே போய்ச் சேர்கிறது என்று முதலில் பார்ப்போம். கோம்ஸ், சாட்போர்ன், மிஷன் சான் ஹோசே, மிஷன் வேலி தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஹாப்கின்ஸ் நடுநிலைப் பள்ளிக்கும் அங்கிருந்து மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளிக்கும் போவார்கள். ஆர்டன்வுட், ஃபாரஸ்ட் பார்க் பிள்ளைகள் தார்ன்டன் வழியாக அமெரிக்கன் உயர்நிலைப் பள்ளிக்கு.

தொடக்கப் பள்ளிக்காக மட்டும் என்றால் போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஆர்டன்வுட், ஃபாரஸ்ட் பார்க், வார்ம் ஸ்பிரிங்ஸ் பள்ளிகளில் படிக்கும் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளை, மிஷன் சான் ஹோசே பக்கத்தில் படிக்கும் அதே பிரிவுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகை வித்தியாசத்துக்கு ஈடான வித்தியாசம் படிப்பில் தெரியாது. வாடகைக்கும் பயணத்துக்கும் போகும் பணமும் நேரமும் பிள்ளையோடு உட்கார்ந்து கதை படிக்கக் கிடைத்தால் அதன் பலன் பெரிது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருப்பது எந்த எண்ணிலும் வராத வசதி.

உயர்நிலைப் பள்ளியை நினைத்துப் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். எல்லோரும் முதல் மதிப்பெண் வாங்கும் இடத்தில் போட்டியின் அழுத்தமும் அதிகம். சில பிள்ளைகளுக்கு அது உரம், சிலருக்குச் சுமை. ஐந்து வயதில் உங்கள் பிள்ளை எந்த வகை என்று சொல்ல முடியாது. பதினொரு வயதில் ஓரளவு சொல்லலாம். அப்போது முடிவெடுக்கலாமே.

பதிவுப் படிவத்தில் "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்" என்ற கேள்விக்குத் தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களாமே?

ஒதுக்க மாட்டார்கள். தமிழ் பேசும் வீடு என்றால் தமிழ் என்றே எழுதுங்கள். இந்தப் பயத்தில் ஆங்கிலம் என்று எழுதச் சொல்லும் அறிவுரை வாட்ஸாப் குழுக்களில் சுற்றுகிறது, அதைக் கேட்காதீர்கள்.

நடப்பது இதுதான். வேறு மொழி எழுதினால், சேர்ந்த 30 நாட்களுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். டிகே எனும், கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது அது இல்லை. நன்றாகச் செய்தால் ஆங்கிலம் சரளம் என்று எழுதி அதோடு முடிந்தது. இல்லையென்றால் ஆங்கிலம் கற்பவர் என்று பதிவாகும். தினமும் கொஞ்ச நேரம் ஆங்கில மொழி வளர்ச்சிக்கான பாடம், வசந்த காலத்தில் வருடம் ஒரு முறை தேர்வு. அந்தத் தேர்வில் ஒட்டுமொத்தமாக நான்காம் நிலை, ஆசிரியர் கருத்து, பெற்றோர் கலந்தாய்வு, அடிப்படைத் திறன் மதிப்பெண் எல்லாம் சேர்ந்தால் அந்தப் பதிவிலிருந்து வெளியே வரலாம். வகுப்பு அதே வகுப்புதான், தோழர்கள் அதே தோழர்கள்தான். ஊரிலிருந்து நேராக வந்த பிள்ளைக்கு இந்த உதவி உண்மையாகவே வேண்டும்.

பள்ளிகளை ஒப்பிடும்போதும் இது பயன்படும். டாஷ்போர்டில் ஆங்கிலம் கற்பவர்களின் முன்னேற்றம் எந்த நிறம் என்று பாருங்கள். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளையை ஒரு பள்ளி எப்படிக் கைபிடித்து அழைத்துப் போகிறது என்று அதில் தெரியும்.

வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். தமிழில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் ஓரிரு வருடத்தில் வந்துவிடும். விட்ட தமிழ் அப்படித் திரும்பி வராது.

இந்தியப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளியா, கலந்து இருக்கும் பள்ளியா?

பிள்ளைக்குப் பழக்கமான முகங்களும், டிபன் டப்பாவில் இட்லி கொண்டுபோனால் யாரும் விசித்திரமாகப் பார்க்காத மேசையும் நல்லவைதான். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் வருடம் அது பெரிய ஆறுதல். ஆனால் பள்ளி முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கணக்கு டியூஷனுக்குப் போகும் இடத்தில், மதிப்பெண்ணுக்குப் பள்ளி காரணமா டியூஷன் காரணமா என்று பிரிக்க முடியாது. கலந்து இருக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளை பலவகை வீடுகளைப் பார்த்து வளர்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நேரில் போய்ப் பார்க்க விடுவார்களா? போனால் என்ன கேட்பது?

பள்ளி நேரத்தில் நினைத்தபடி உள்ளே போக முடியாது. கிண்டர்கார்டன் பெற்றோருக்கான தகவல் கூட்டம், சுற்றிக்காட்டும் நாள் எல்லாம் ஜனவரி முதல் வரும். பள்ளியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள்.

"உங்கள் ஸ்கூல் ரேட்டிங் ஏன் குறைவு" என்று கேட்டால் பதில் எதுவும் கிடைக்காது. பிரின்சிபால் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்? இந்த வருடம் எத்தனை ஆசிரியர்கள் புதிதாக வந்தார்கள்? படிக்கச் சிரமப்படும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன உதவி, யார் தருவார்? முன்னே ஓடும் பிள்ளைக்கு வகுப்புக்குள் என்ன வேலை கொடுக்கிறீர்கள்? ஆசிரியர் வராத நாளில் மாற்று ஆசிரியர் கிடைக்கிறாரா? மதிய இடைவேளையில் மைதானத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இந்த மாதிரிக் கேள்விகளுக்குத் தயங்காமல், குறிப்பான பதில் சொல்லும் பள்ளியை நம்பலாம்.

காலையில் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாசலில் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, வெளியே வரும் பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே நிற்கும் பெற்றோரிடம் பேசினால் இணையத்தில் எழுதாததெல்லாம் சொல்வார்கள்.

அப்புறம், சார்க் என்ற பள்ளிப் பொறுப்பறிக்கை. 1988இன் 98ஆம் முன்மொழிவுச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியும் வருடந்தோறும் வெளியிட வேண்டும். பிப்ரவரி 1க்குள் வரும். முழுத் தகுதி பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர், வகுப்பில் சராசரி எத்தனை பிள்ளைகள், கட்டடத்தில் என்ன பழுது என்பதெல்லாம் அதில் உண்டு. யாரும் திறந்து பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? காம்போ வகுப்பு என்றால் என்ன?

மூன்றாம் வகுப்பு வரை பள்ளிச் சராசரி 24 என்பது மாநில நிதிச் சட்டத்தின் இலக்கு. ஆசிரியர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தம் வேறு எண்ணை அனுமதித்தால் அதுதான் நடக்கும். நான்கு, ஐந்தில் எண்ணிக்கை கூடும். பிள்ளைகள் எண்ணிக்கை சரியாகப் பிரியாதபோது இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே ஆசிரியரிடம் விடுவது காம்போ. நல்ல ஆசிரியர் கிடைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வருடா வருடம் காம்போ வைக்கும் பள்ளி என்றால் ஏன் என்று கேளுங்கள்.

பிடிஏவுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அரசுப் பள்ளியில் கட்டணம் வாங்கக் கூடாது என்பது மாநில அரசியலமைப்பிலேயே உண்டு. 2012இல் தனிச் சட்டமும் போட்டு உறுதி செய்தார்கள். பிடிஏ கேட்பது நன்கொடை. இருந்தாலும் ஓவியம், இசை, அறிவியல் கூடம், சுற்றுலா எல்லாம் பல பள்ளிகளில் இந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. ஒரே டிஸ்ட்ரிக்டில் வசதியான பள்ளிக்கும் மற்றதுக்கும் உண்மையான இடைவெளி தெரியும் இடங்களில் இது ஒன்று. பள்ளியின் பிடிஏ பக்கத்தில் பட்ஜெட்டைப் பார்த்தால் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்று புரியும். பணம் கொடுக்க முடியாதவர்கள் நேரம் கொடுக்கலாம். தமிழ்ப் பெற்றோர் இதில் இன்னும் நிறைய முன்வர வேண்டும்.

பிள்ளைக்குப் பேச்சு தாமதம், ஐஇபி (சிறப்புக் கல்விக்கான தனித் திட்டம்) இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

இங்கே மற்ற எல்லா எண்களையும் தள்ளி வைத்துவிடுங்கள். சிறப்பு வகுப்புகள் எல்லா வளாகங்களிலும் இல்லை. ஐஇபி எழுதும் குழு எந்தச் சேவை தேவை என்று தீர்மானித்து, அது இருக்கும் பள்ளியைச் சொல்லும். பேச்சுப் பயிற்சி மட்டும் போதும் என்றால் பெரும்பாலும் எல்லைப் பள்ளியிலேயே நடக்கும்.

சந்தேகம் இருந்தால் காத்திருக்காமல் மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் கணக்கில் வராது. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் மதிப்பீட்டுத் திட்டம் தர வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்துக் கூட்டம் கூட்ட வேண்டும். நீண்ட பள்ளி விடுமுறை நாட்கள் கணக்கில் சேராது. மூன்று வயதானதும் இந்த உரிமை தொடங்கிவிடுகிறது, கிண்டர்கார்டன் வரை காத்திருக்கத் தேவையில்லை. கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் அதையும் கேட்கலாம். உறவினர் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மறைத்துத் தாமதிப்பதால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

எல்லைப் பள்ளி பிடிக்கவில்லை. டிஸ்ட்ரிக்டுக்குள்ளேயே மாற்ற முடியுமா?

முடியும், இடம் இருந்தால். டிஸ்ட்ரிக்டுக்குள் மாற விரும்புவோருக்கு வழி வைக்க வேண்டும், விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போல் பாரபட்சமில்லாமல் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் ஏற்கெனவே வசிப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. ஆகவே எல்லோரும் விரும்பும் பள்ளிக்கு இந்த வழியில் நுழைவது கடினம். சத்தமில்லாமல் நன்றாக நடக்கும் பள்ளிக்கு எளிது. அசவீடாவில் மாண்டரின், வயெஹோ மில்லில் ஸ்பானிஷ் என இருமொழி வகுப்புகளுக்குத் தனி விண்ணப்பம் உண்டு. அவற்றில் கிண்டர்கார்டனிலேயே சேர்ந்துவிடுவது நல்லது, நடுவில் சேர்வது கடினம்.

தெரிந்தவர் முகவரியைக் கொடுத்துச் சேர்க்கலாமா?

கூடாது. மின்சாரக் கட்டணச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள், சந்தேகம் வந்தால் விசாரிப்பார்கள்; பொய் என்று தெரிந்தால் வருட நடுவில் பிள்ளை பள்ளியை விட்டு வெளியேற வேண்டிவரும். உண்மையிலேயே இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தால் அதற்கு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது, அதை முறையாகக் கொடுங்கள்.

டிகே, கிண்டர்கார்டன் வயது?

செப்டம்பர் 1க்குள் ஐந்து முடிந்தால் கிண்டர்கார்டன். 2025-26 முதல் அதே தேதிக்குள் நான்கு முடிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் டிகே உண்டு, இலவசம். டிகேயில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். டிகே வகுப்பு உங்கள் எல்லைப் பள்ளியிலேயே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாமல் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு மதிய உணவு?

2022-23 முதல் கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகளில் காலை, மதியம் இரண்டு வேளையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். மாத உணவுப் பட்டியலில் சைவம் குறிக்கப்பட்டிருக்கும். சமையல் டிஸ்ட்ரிக்ட் அளவில் நடப்பதால் பள்ளிக்குப் பள்ளி பெரிய வேறுபாடு இல்லை.

பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் இதை முதல் கேள்வியாக வையுங்கள். வளாகத்துக்குள்ளேயே மாலை ஆறு வரை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பல பள்ளிகளில் உண்டு, ஆனால் இடம் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம். பள்ளியில் இடம் கிடைத்தும் இதில் கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் அதிகம். பள்ளிப் பதிவும் இந்தப் பதிவும் வேறு வேறு; இரண்டையும் ஒரே வாரத்தில் போட்டுவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால், உங்கள் பள்ளி வாசலுக்கு வேன் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போகும் மையங்கள் எவை என்று பள்ளி அலுவலகத்திலேயே கேளுங்கள். தினமும் எந்தெந்த வேன் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.